கேமரா முன் சாகாத லேப்டாப்

லினக்ஸ் லேப்டாப் சாகும்போது திரை கறுக்கும். கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு எரியும். உள்ளே எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் கெர்னல் என்ற பகுதி, இனி தன்னால் ஆகாது என்று கையை விரித்துவிட்டதற்கு அடையாளம் அது. மனிதர்கள் இவ்வளவு நேர்மையாக அறிவிப்பதில்லை.

இர்ஃபானாவுக்கு அந்த விளக்கு பழக்கமானது. அடுத்தவர்களின் சர்வர்கள் இப்படி விழும்போது எழுப்பிவிடுவதுதான் அவள் வேலை. நிறுவனம் சென்னையில் இருந்தது. அவள் மணமேல்குடியில், மாமியார் வீட்டு நடு அறையில், ஜன்னலோரம் இருந்தாள். நிறுவனம் கொடுத்த லேப்டாப் சாகும்போது டிக்கெட், அதாவது இணையத்தில் ஒரு புகார், போட வேண்டும் என்பது விதி. டிக்கெட் போட லேப்டாப் வேண்டும் என்பதை விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

பெருநாளுக்கு வந்திருந்த அர்ஷத் சவூதியின் தம்மாமுக்குத் திரும்பிய வாரத்தில் அது ஆரம்பித்தது. அர்ஷத் அவள் கணவன். அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளன். வந்தபோது அத்தர், தைலம், கம்பளி, தலைத்துணியை ஊசியில்லாமல் கவ்விப் பிடிக்கும் காந்தப் பின் ஒரு பெட்டி என்று கொண்டுவந்திருந்தான். போனபோது எல்லோருக்கும் அறிவுரை கொடுத்துவிட்டுப் போனான்.

"அவன் போனதும் இதுவும் படுத்துருச்சு பாரு" என்றாள் மாமியார் சாரா உம்மாள். "ஒனக்கு இல்லாத ஏக்கம் இதுக்கு."

முதல் தடவை செத்ததும் இர்ஃபானா லாக்கைப் படித்தாள். எந்தக் கணத்தில் என்ன நடந்தது என்று கணினி தானே எழுதிவைப்பது அது. கடைசி வரி தெளிவாக இருந்தது: மூடி மூடப்பட்டது, உறங்கச் செல்கிறேன். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

மூடி திறந்துதான் இருந்தது. திரை கறுத்தபோது அவள் அந்தத் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

'லாக்கை நம்பு, பயனாளரை நம்பாதே' என்று வாடிக்கையாளர்களின் முதுகுக்குப் பின்னால் தினமும் சொல்பவள் அவள். பயனாளர் தானே என்றானபோது லாக்கை விட்டுவிட்டுத் தன் கண்ணை நம்பினாள்.

இருந்தாலும் ஒன்று செய்து பார்த்தாள். மூடி என்ன சொன்னாலும் கண்டுகொள்ளாதே என்று கணினிக்கு ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் நிறுவனத்தின் லேப்டாப்பில் அந்த வரியைத் தொட அவளுக்கு அனுமதி இல்லை. அனுமதி கேட்டு டிக்கெட் போட்டாள். பதில் வந்தது: 'மூடி திறந்திருந்ததாகப் பயனாளரே தெரிவிக்கிறார். எனவே இது மூடி தொடர்பான பிரச்சினை அல்ல. டிக்கெட் முடிக்கப்படுகிறது. எங்கள் சேவைக்கு மதிப்பெண் தரவும்.'

ஐந்துக்கு ஐந்து கொடுத்தாள். குறைத்தால் காரணம் எழுதச் சொல்வார்கள்.

குழுத் தலைவர் வசந்தகுமார் போனில் ஆறுதலாகப் பேசினார். "மாத்து லேப்டாப்புக்கு அப்ரூவல் வரணும்னா ரெண்டு குவாட்டர், ஆறு மாசம் ஆகும். அங்கயே யாராவது நல்ல மெக்கானிக்கிட்ட காட்டிருங்க."

நல்ல மெக்கானிக் அறந்தாங்கியில் இருந்தான். பெயர் பாலாஜி. லேப்டாப், சிசிடிவி, இன்வெர்ட்டர் மூன்றையும் ஒரே ஸ்க்ரூ டிரைவரால் சரிசெய்வான். திரையைப் பார்த்ததும் கேட்டான்.

"லினக்ஸா? ஓசில கெடைக்கிறதாச்சே. ஏன்மா, லைசென்ஸ் வாங்க வசதியில்லாத கம்பெனியா?"

"இல்லண்ணே, சர்வர் வேலை. எல்லாம் இதுலதான்."

"சம்பளம் ஒழுங்கா வருதா?"

"வருதுண்ணே."

"அப்ப சரி." அவன் முகத்தில் சந்தேகம் தீரவில்லை.

லாக்கின் கடைசி வரியைக் காட்டினாள். பாலாஜி மூடியைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "மூடி தெறந்துதானே இருக்கு? லாக்கு அப்படித்தாம்மா எதையாச்சும் எழுதும். நாம ஹார்டுவேர பாப்போம்."

ரேமைக் கழற்றி, அதன் தங்கப் பல் வரிசையைப் பள்ளிக்கூட ரப்பரால் அழித்துத் துடைத்தான். விசிறியைத் தட்டினான். பிராசஸருக்குப் புதுப் பசை தடவினான். கடையில் வைத்து ஓட்டோ ஓட்டென்று ஓட்டினான். சாகவில்லை.

"கடலு எவ்வளவு தூரம்மா உங்க வீட்டுக்கு?"

"நடந்து போற தூரந்தாண்ணே."

"அதான். உப்புக் காத்து."

அந்த ஊரில் கதவுத் தாழ்ப்பாள் முதல் கல்யாண ஆல்பம் வரை எது கெட்டாலும் உப்புக் காற்றுதான். யாரும் மறுத்துப் பேச முடியாத காரணம் என்பதால் அவளும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து வேலையில் உட்கார்ந்தாள். அடுப்பில் வைத்த தேநீர் கொதிக்கும் முன் கேப்ஸ் லாக் எரிந்து எரிந்து அணைந்தது.

பாலாஜிக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்தான். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் இர்ஃபானா தோளில் கிடந்த தலைத்துணியை இழுத்துவிட்டு, சட்டைக் கையின் ஓரத்தில் கிடந்த காந்தப் பின்னை எடுத்துக் கழுத்தருகே பொருத்திக்கொண்டாள். பிறகு அவன் எதிரில் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். ஒரு மதியம் முழுக்கப் பார்த்தாள். அது ஓடியது. அதுபோல ஒழுங்கான லேப்டாப்பை அவள் கண்டதில்லை.

பாலாஜி அடிப்பக்கத்தில் இருந்த சிறு துளையில் குத்த ஏதாவது கேட்டான். சாரா உம்மாள் கையை நீட்டினாள். அவள் வளையலில் எப்போதும் நாலைந்து ஊக்கு தொங்கும். தொலைந்துபோகாமல் இருக்க அந்த வீட்டில் ஊக்குக்கு இடம் வளையல். ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் குத்தினான். ஒன்றும் ஆகவில்லை. ஆக வேண்டியதும் எதுவும் இல்லை.

"தம்பி, நீங்க இங்கயே தங்கிருங்க" என்றாள் சாரா உம்மாள். "நான் சோறு போடுறேன். அதுவும் ஒழுங்கா இருக்கும்."

பாலாஜி டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினான். இர்ஃபானா பின்னைக் கழற்றிக் கையோரத்தில் போட்டுக்கொண்டு துணியைத் தளர்த்தினாள். வண்டி தெருமுனை திரும்பியிருக்காது. திரை கறுத்தது.

போன் செய்தாள்.

"நான் வந்தா பயப்படுதும்மா" என்றான் பாலாஜி. குரலில் பெருமை இருந்தது.

அர்ஷத் வீடியோவில் வந்தான். ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் இருந்து பிரச்சினையை உடனே கண்டுபிடித்தான். "எர்த் சரியில்ல. உம்மாகிட்ட போனைக் குடு. அங்கிட்டு மீட்டர் பெட்டிகிட்ட காட்டச் சொல்லு." சாரா உம்மாள் மீட்டர் பெட்டியைக் காட்டினாள். அவன் ஒரு பெருமூச்சு விட்டான். எர்த் சரியாக இருந்தது. அதுவும் அவன் வைத்த எர்த்.

வசந்தகுமாரிடம், யார் எப்போது தொடர்பில் இருந்தார்கள் என்று கட்டம் கட்டமாகக் காட்டும் டாஷ்போர்டு இருந்தது. அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருந்திருந்தால் கத்தியிருப்பார். இவர் அட்டவணை போட்டார். இர்ஃபானா தொடர்பு அறுந்த நேரங்களை ஒரு பக்கமும், வீடியோ கூட்டங்களை ஒரு பக்கமும் வைத்துப் பார்த்தார். கேமரா போட்ட கூட்டத்தில் லேப்டாப் ஒருமுறைகூடச் சாகவில்லை. கேமரா இல்லாதபோதுதான் செத்தது.

"இர்ஃபானா, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க."

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்விகளுக்கு மட்டும்தான் இந்த முன்னுரை.

"கேளுங்க சார்."

"வீட்ல வேலை அதிகமா? மாமியார் அடிக்கடி கூப்பிடுறாங்களா?"

"இல்ல சார்."

"இல்ல, கூப்பிட்டா சொல்லலாம். நாங்க புரிஞ்சுக்குவோம். லேப்டாப் மேல போட வேண்டியதில்ல."

அவளுக்குக் காது சுட்டது. "சார், கெர்னல் பேனிக். லாக் அனுப்பியிருக்கேன்."

"பாத்தேன். மூடி மூடியிருந்துச்சுன்னு இருக்கு." என்றார். "அப்படின்னா மூடிட்டுப் போயிட்டீங்கன்னுதானே அர்த்தம்?"

லாக்கை நம்பிய ஒரே மனிதர் வசந்தகுமார்தான். நம்பி, அவள் பொய் சொல்கிறாள் என்று முடிவு செய்தார்.

மறுநாள் காலை முதல் மாலை வரை கேமரா ஓட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பரிசோதனைக்காக என்று எழுதியிருந்தார். இர்ஃபானா தலைத்துணியைக் கட்டி, கழுத்தில் பின்னைப் பொருத்தி உட்கார்ந்தாள். சாக வேண்டும் என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள். ஒரு தடவை செத்தால் போதும், அவர் கண் முன்னே. கோயம்புத்தூரில் ஒரு சர்வர் செத்தது, எழுப்பினாள். ஓசூரில் ஒன்று செத்தது, எழுப்பினாள். அவளுடையது உயிரோடு இருந்தது. அடுத்த நாளும் அப்படியே.

"பாத்தீங்களா?" என்றார் வசந்தகுமார், மிக மென்மையாக. "கேமரா போட்டதும் சரியாயிருச்சு."

"சார், அது..."

"நான் குத்தம் சொல்லல. சில பேருக்கு ஆபீஸ் சூழல்தான் சரிப்படும். திங்கக்கிழமையில இருந்து சென்னைக்கு வந்துருங்க. முடியலைன்னா சொல்லுங்க, ரிலீவ் பண்ணிரலாம். நல்ல எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் தர்றேன்."

அர்ஷத்துக்கு ஒரே நிமிடத்தில் முடிவு கிடைத்தது. "சென்னையா? உம்மா தனியா இருப்பாங்களா? விட்டுரு. நான் சம்பாதிக்கிறேன்ல."

"வேலையை விடுறதுன்னா நானா விடணும் மச்சான். பொய் சொன்னேன்னு விரட்டி விடக் கூடாது."

"யாரு சொன்னா பொய்யின்னு?"

"யாரும் சொல்லல. எல்லாரும் மரியாதையா பேசுறாங்க."

கல்லூரியில் தொடங்கி இந்த வேலை வரை அவள் தேடிப் பிடித்தது ஒன்றே ஒன்று. தான் சொன்னால் நம்புவார்கள் என்ற இடம். இர்ஃபானா பார்த்துவிட்டாள் என்றால் சர்வர் சரியாகிவிட்டது என்று வாடிக்கையாளர்கள் போனை வைத்துவிடுவார்கள். திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் பார்த்தது எதையும் எவரும் நம்ப மாட்டார்கள்.

அன்று மாலை கேமராவை அணைத்துவிட்டு, துணியைத் தளர்த்தி, பின்னைக் கையோரத்தில் போட்டுக்கொண்டு மீதி வேலையை முடிக்க உட்கார்ந்தாள். பத்து வரி அடித்திருப்பாள். செத்தது.

சாரா உம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து மீனுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். விளக்கு விட்டுவிட்டு எரிவதைப் பார்த்தாள்.

"பாலாஜி வந்தா ஒழுங்கா இருக்கு. ஒங்க ஆபீசரு பாத்தா ஒழுங்கா இருக்கு. அன்னிய ஆம்பள முன்னாடி அடக்கம், மாமியா முன்னாடி ஆட்டம்." புளியைப் பிழிந்தாள். "ஒன்ன மாதிரியே வளத்திருக்கே புள்ள."

இர்ஃபானா சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அன்னிய ஆம்பளை வந்தால் லேப்டாப்பில் எது மாறுகிறது? கரண்ட் அதேதான். உப்புக் காற்று அதேதான். ரேம், விசிறி, பசை எல்லாம் அதேதான்.

மாறுவது அவள்தான்.

கை கழுத்துக்குப் போனது. அங்கே பின் இல்லை. குனிந்து பார்த்தாள். இடது சட்டைக் கையின் ஓரத்தில், மணிக்கட்டில், துணியைக் கவ்விக்கொண்டு கிடந்தது. மாமியார் ஊக்கை வளையலில் மாட்டுவாள். மருமகளுக்கு அது சட்டைக் கை. இரண்டும் ஒரே காரணத்துக்காக. தொலைந்துபோகக் கூடாது.

மூடி மூடியிருக்கிறதா என்று கணினிக்குக் கண்ணால் பார்க்கத் தெரியாது. மூடிக்குள் ஒரு சின்னக் காந்தம் இருக்கும். அடிப்பாகத்தில் அதை உணரும் ஒரு பொருள் இருக்கும். காந்தம் அருகே வந்தால் மூடிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டு தூங்கப் போய்விடும். இதை அவள் பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

லேப்டாப்பை எழுப்பினாள். இடது மணிக்கட்டைக் கீபோர்டுக்குக் கீழே, கை வைக்கும் பரப்பில், மெதுவாக நகர்த்தினாள். இடது ஓரத்துக்குப் பக்கம் வந்தபோது திரை கறுத்தது. கையை எடுத்தாள். கேப்ஸ் லாக் எரிந்து அணைந்தது.

பின்னைக் கழற்றிவைத்துவிட்டு வெறும் மணிக்கட்டை நகர்த்தினாள். ஒன்றும் ஆகவில்லை. பின்னோடு மறுபடியும் நகர்த்தினாள். செத்தது.

"என்ன புள்ள செய்யிறே?"

"கொல்றேன் மாமி."

விளக்கினாள். சாரா உம்மாள் புளிக் கையை முந்தானையில் துடைத்தாள். "குடு, நான் ஒரு தடவை கொல்றேன்."

கொன்றாள். மிகுந்த திருப்தி அடைந்தாள்.

"இந்தப் பின்னு அவன் கொண்டாந்ததுதானே?"

"ஆமா மாமி."

"எர்த் சரியில்லன்னானே. அவனைச் சொல்லணும்."

இர்ஃபானா எழுந்திருக்கவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. பின் செய்வது தூங்கவைப்பது மட்டும்தான். தூக்கம் சாவு அல்ல. காந்தம் விலகியதும் விழித்துக்கொள்ள வேண்டும். இது விழிக்கும்போது செத்தது. பின்னை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தாள். வேலை ஓடிக்கொண்டிருக்கும்போதே மூடியைக் கையால் மூடினாள். திறந்தாள். கேப்ஸ் லாக்.

இத்தனை நாளில் அவள் ஒருமுறைகூட இதைச் செய்ததில்லை. ஷட்டவுன் செய்யாமல் மூடியைத் தொடக் கூடாது என்று கல்லூரி லேபில் பழக்கியிருந்தார்கள். பாலாஜியும் அப்படித்தான். சென்னை அலுவலகத்தில் லேப்டாப்புகள் பெரிய திரைகளுக்கு அடியில் திறந்த வாயோடு மாதக்கணக்கில் கிடக்கும். யாரும் மூடுவதில்லை. எல்லோரும் ஒழுக்கமானவர்கள் என்பதால் குறை வெளியே வரவில்லை.

மறுநாள் காலை வசந்தகுமாரை வீடியோவில் அழைத்தாள். போனில் இருந்து அழைத்து, போனை ஒரு டப்பாவில் சாய்த்து, லேப்டாப் தெரியும்படி வைத்தாள். பின்னைக் காட்டினாள். நகர்த்தினாள். லேப்டாப் செத்தது.

வசந்தகுமார் நாற்காலியில் நிமிர்ந்தார். "ஒரு பின்னா?"

"ஆமா சார். துணிக்குப் போடுறது."

"அப்ப கேமரா ஆன்ல இருக்கும்போது..."

"கழுத்துல இருக்கும் சார்."

மன்னிப்புக் கேட்க வேண்டிய இடம் அது என்று அவருக்கும் தெரிந்தது. அதற்கு டாஷ்போர்டில் கட்டம் இல்லை. ஆகவே இருக்கும் கட்டத்தைத் தேடினார்.

"அப்ப இது யூசர் எரர்."

"தூங்கவெச்சது நான் சார். எந்திரிக்க மாட்டேங்குறது கெர்னல்."

"புரியல."

"உங்ககிட்டயும் இதே மாடல்தானே சார்? நம்ம டீம்ல எல்லாருக்கும் இதேதான்."

"ஆமா."

"ஒரு தடவை மூடித் திறங்க."

"நான் மூடுறதே இல்லையே."

"அதான் சார்."

வசந்தகுமார் புன்னகை செய்தார். பயந்த குழந்தைக்குக் கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லை என்று காட்டப்போகிறவரின் புன்னகை. கையை நீட்டி, பேசிக்கொண்டிருந்த லேப்டாப்பின் மூடியை மூடினார். அவருடைய படம் மறைந்தது.

இர்ஃபானா காத்திருந்தாள். சாரா உம்மாள் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். "என்னா ஆச்சு, ஆபீசரு போயிட்டாரா?"

"வருவார் மாமி."

தேநீர் பாதி முடிந்தபோது போன் அடித்தது. படம் இல்லை, குரல் மட்டும்.

"இர்ஃபானா. இந்த கேப்ஸ் லாக் லைட் எப்படி நிக்கும்?"

"பவர் பட்டனை அழுத்திப் பிடிங்க சார். நான் தினமும் அப்படித்தான் செய்யிறேன்."

மூச்சுச் சத்தம் கேட்டது. "சேவ் பண்ணாத ஷீட் ஒண்ணு இருந்துச்சு."

"டிக்கெட் போடுங்க சார்."

பொத்தானை அழுத்தும் சத்தம் கேட்டது.

"அது திங்கக்கிழமைக்கு ஆபீஸ் சீட் பிளான். உங்களுக்கு ஜன்னல் பக்கம் போட்டிருந்தேன்."

"திரும்பப் போடுவீங்களா சார்?"

"வேண்டாம்" என்றார் வசந்தகுமார். பிறகு, "உங்களுக்கு அங்கேயே ஜன்னல் இருக்குல்ல" என்றார். மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடிய அளவுக்கு அவர் வந்த தூரம் அதுதான்.

மதியம் எல்லோருக்கும் மின்னஞ்சல் போனது. லேப்டாப்புகளில் ஒரு முக்கியமான குறையைக் குழு கூட்டு முயற்சியால் கண்டறிந்திருப்பதாகவும், புதிய கெர்னல் வரும் வரை யாரும் மூடியை மூட வேண்டாம் என்றும் அதில் இருந்தது. மூடியைக் கண்டுகொள்ளாமல் இருக்க அனுமதி கேட்டு வசந்தகுமார் தன் பெயரில் டிக்கெட் போட்டார். தேநீர் நேரத்துக்குள் கிடைத்தது.

பாலாஜி போன் செய்தான். "நான் அப்பவே சொன்னேன்லம்மா, ஹார்டுவேருன்னு." அர்ஷத்துக்கு ஒரே கவலைதான். "பின் ஒரிஜினல்தானே? காசு அதிகம் குடுத்து வாங்கினது."

மாலையில் இர்ஃபானா அந்த ஒரு வரியை மாற்றினாள். துணியைத் தளர்த்தினாள். பழக்க தோஷத்தில் பின் கையோரத்துக்குப் போயிற்று. மணிக்கட்டு இடது ஓரத்தைக் கடந்து போனது, வந்தது. திரை வெளிச்சமாகவே இருந்தது.

சாரா உம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே சாகாதா?"

"சாகாது மாமி."

"சே" என்று எழுந்து போனாள்.